அவிழ்க்காத தொட்டில்

அந்த பஸ் போகட்டும், பெரியம்மா. படியிலேயே ஆள் தொங்குது, பாருங்க. கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு அதில் எப்படி ஏறுவது? திருநெல்வேலிக்கு அடுத்தது வராமலா போகும்.

இதற்கு முன்னால் போனதா? அதில் இடம் இருந்தது, ஆமாம். ஜன்னலோரம் இல்லையே. பிள்ளைக்குக் காற்று வேண்டாமா?

நீங்க ஏரல் பஸ்ஸுக்கா நிற்கிறீங்க? நான் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறேன். ஏரலுக்குக் கொஞ்சம் முன்னால், ஆற்றங்கரையை ஒட்டின ஊர். என் வீட்டுக்காரரின் பூர்வீக வீடு அங்கேதான். உங்க பையில் இருப்பது பிளீச்சிங் பவுடர்தானே? வாசனையிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு இப்போது சோற்றில்கூட அந்த வாசனைதான். மகள் வீட்டைக் கழுவிவிடப் போறீங்களா? கொடுத்துவைத்தவள் உங்க மகள்.

நானும் கழுவத்தான் போயிருந்தேன். உதவிக்கு. வேறு எதற்கும் இல்லை.

புருஷன் கப்பலில் இருக்கிறான், தனி வீட்டில் இருக்கப் பயந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள் என்று யாராவது நினைக்கலாம். எனக்குப் பயமெல்லாம் கிடையாது. பாளையங்கோட்டையில் கான்வென்ட் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள் நான். சிஸ்டர் விளக்கை அணைத்துவிட்டுப் போனதும் மற்ற பிள்ளைகள் எல்லாம் அழும். நான் அழுததே இல்லை. போர்வைக்குள் டார்ச் வைத்திருப்பேன்.

எங்கள் வீடு திருநெல்வேலிக்கு வெளியே, புதுக் காலனி. சுற்றிலும் நல்ல நல்ல வீடுகள் இருக்கின்றன. ஆள்தான் இல்லை. ஒருத்தர் துபாய், ஒருத்தர் சென்னை. எதிர் வீட்டில் ஒரு வாத்தியார் குடும்பம் இருந்தது, அவர்களும் மாற்றலாகிப் போய்விட்டார்கள். கேட்டும் பூட்டும்தான் மிச்சம். ராத்திரியில் பிள்ளையின் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பேன், மூச்சு வருகிறதா என்று. எல்லாத் தாயும் பார்ப்பதுதானே? நீங்களும் பார்த்திருப்பீங்க. நான் விடிகிற வரைக்கும் பார்ப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போதுதான் இந்த வெள்ளம். அவருக்குக் கப்பலில் சிக்னல் கிடைத்தால்தான் பேச முடியும். "அண்ணன் வீட்டுக்குள்ள ஆறு பூந்துட்டாம். ஒருத்தருக்கும் போன் போகமாட்டேங்கு" என்று சொன்னார். "நீ ஒண்ணும் போகாத. பிள்ளையை வச்சுக்கிட்டு சேத்துக்குள்ள என்ன செய்யப் போற?" என்றார். நான் கேட்கவில்லை. ஒரு ஆபத்தென்றால் சொந்தபந்தம் போய் நிற்க வேண்டாமா? பாதை திறந்த அன்றைக்கே கிளம்பிவிட்டேன். பிஸ்கட், மெழுகுவர்த்தி, பால் பவுடர், பிள்ளையின் துணிமணி, என் சேலை அத்தனையும்.

ஆமாம், இந்தச் சூட்கேஸ்தான். பெரிசுதான். சேற்றில் வேலை செய்தால் மாற்றிக்கட்ட வேண்டாமா, பெரியம்மா?

அந்த வீட்டில் இருப்பது ரெண்டே பேர். அவருடைய அண்ணன் சுடலைமுத்து அத்தான், அவர் பெண்சாதி பேச்சியம்மாள். எனக்கு மூத்த ஓரகத்தி. பேச்சியக்கா என்று கூப்பிடுவேன். பேர்தான் பேச்சி. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கக் கடப்பாரை போட்டு நெம்பணும். கல்யாணமாகி எத்தனையோ வருஷம், பிள்ளை இல்லை. குறையாகச் சொல்லவில்லை. இருக்கிறதைச் சொல்கிறேன்.

நான் போய் வாசலில் நிற்கிறேன். அக்கா சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, சோறு போடுகிற வட்டிலால் சேற்றை வழித்து வாளியில் போட்டுக்கொண்டிருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தாள். "வந்துட்டியா" என்றாள். அவ்வளவுதான்! "இந்தக் கஷ்டத்துல கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்தியேம்மா" என்று ஒரு சொல் உண்டா? கடைக்குப் போனவள் திரும்பி வந்த மாதிரி, வந்துட்டியா.

"மாடி ரூமைக் கழுவி வச்சிருக்கு. பிள்ளையைக் கொண்டுக்கிட்டு அங்ஙன போ. சேத்துல எறங்காத."

மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் கீழே கைக்கு அகப்பட்ட சாமானையெல்லாம் அங்கேதான் தூக்கிக் குவித்திருந்தார்களாம். அதையெல்லாம் மொட்டை மாடியில் வெயிலுக்குப் போட்டுவிட்டு, தரையைக் கழுவி, சாம்பிராணி காட்டி, ஒரே ஒரு காய்ந்த பாயை விரித்து வைத்திருந்தது. கீழே அடுப்பு வைக்க இடமில்லை. இங்கே சாம்பிராணி! நான் வருகிறேன் என்று யாரும் சொல்லவும் இல்லை. வேறு யாரோ விருந்தாளிக்காகக் கழுவியிருப்பார்கள். அத்தானும் அக்காவும் படிக்கட்டு வளைவில் சாக்கை விரித்துப் படுத்தார்கள். அங்கேதான் காற்று வருமாம். என்னை மட்டும் தனியாக மேலே ஏற்றிவிட்டார்கள். ஒதுக்கி வைப்பது என்றால் வேறென்ன?

அந்த ரூமில் உத்தரத்தில் ஒரு தொட்டில் கொக்கி. துருவே இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த கொக்கி. பிள்ளையில்லாத வீட்டில் தொட்டில் கொக்கிக்கு எதற்கு எண்ணெய்? எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

தொட்டில் கட்ட அந்த வீட்டில் நனையாத சேலை ஒன்றுகூடக் கிடையாது. அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து என் சூட்கேஸைத் திறந்தாள். ஒவ்வொரு சேலையாகத் தடவிப் பார்த்தாள். மயில்கழுத்துக் கலரில் ஒன்று, வளைகாப்புக்கு அவர் எடுத்துத் தந்தது, அதை உருவினாள். "இது மெத்துன்னு இருக்கு" என்றாள். கேட்டுவிட்டு எடுத்தாளா? இல்லையே. எங்கள் கான்வென்ட்டில் அடுத்தவள் ரப்பரை எடுப்பதென்றாலும் கேட்டுத்தான் எடுக்கணும். கேட்காமல் எடுக்கவும் கூடாது, இரு என்று சொல்லாமல் தங்கவும் கூடாது. அப்படி வளர்ந்தவள் நான்.

மறுநாளே நானும் கீழே இறங்கிவிட்டேன். உட்கார்ந்து சாப்பிடவா போனேன்? இந்த வண்டல் இருக்கிறதே, நெய் மாதிரி வழுக்கும், காய்ந்துவிட்டால் சிமெண்டு. ஈரத்தோடு வழிக்கணும். ஒருத்தர் பின்னாலேயே தண்ணீர் ஊற்றணும், ஒருத்தர் தென்னந்துடைப்பத்தால் தள்ளணும். குதிருக்குள் நெல் ஊறி முளைத்து அழுகி, அந்த நாற்றம் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பீரோக் கதவு ஊதிப்போய்த் திறக்கவில்லை. அத்தான் அதை உடைத்துத் திறந்தால், அக்காவின் கல்யாணப்பட்டு சாயம் இறங்கிக் கட்டியாகக் கிடக்கிறது. அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தரை துடைக்க ஆவும்" என்றாள். பாருங்க, எப்படிப்பட்ட மனசு.

மரச் சாமான், பாத்திரம், கோழிக்கூடு எல்லாவற்றையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. தொழுவத்துப் பக்கம் அம்மியும் குழவியும் மட்டும் போட்டது போட்டபடி கிடந்தன.

அத்தானின் சித்தி ஒருத்தி வீரவநல்லூரிலிருந்து வந்திருந்தாள். வேலை பாதி, வாய் பாதி. நான் துடைப்பத்தைப் பிடித்த அழகைப் பார்த்துவிட்டு, "ஏட்டி பேச்சி, ஒன் ஓரகத்தி சேத்துல பரீட்சை எழுதுதா, பாரு!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு யாராவது ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தால் போதும். கேலியென்றாலும் சரி. வீட்டில் நாள் முழுக்க நான் பேசுவதைக் கேட்க இந்தப் பிள்ளையை விட்டால் ஆள் ஏது? இதற்கு நான் பேசினால் கொட்டாவி விடும்.

அதோ, வருகிறது பாருங்க. திருநெல்வேலிதானா? டிரைவரைப் பார்த்தால் வேகமாக ஓட்டுகிறவர் மாதிரித் தெரிகிறது. ரோடெல்லாம் அரித்துக் கிடக்கிறது. வேண்டாம், பிள்ளை தூங்குது, எழுந்துவிடும். போகட்டும்.

எங்கே விட்டேன்? விசாரிக்க வந்தவர்கள். அதைச் சொல்லணும். வெள்ளம் வடிந்ததும் சொந்தக்காரர்கள் வண்டி வைத்துக்கொண்டு விசாரிக்க வந்தார்கள். பிரெட்டும் பழமும் கொண்டுவந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு நின்று, துட்டி வீட்டில் நிற்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். அதோடு விட்டார்களா? போகும்போது துட்டி வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரியே, போயிட்டு வாரேன் என்று சொல்லாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கி நடந்தார்கள். சாவு வீட்டில்தானே சொல்லிக்கொள்ளாமல் போவது? வருகிறேன் என்றால் அங்கே மறுபடி ஒரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். இது வெள்ளம் வந்த வீடு.

அந்த ஒரு தடவைதான் பேச்சியக்கா கோபத்தில் சத்தம் போட்டு நான் கேட்டேன். வாளியைக் கீழே போட்டாள். தெருவரைக்கும் சேற்றுக்காலோடு போனாள். "நில்லுங்க! இங்க ஒருத்தரும் சாகல. வாரேம்னு சொல்லிட்டுப் போங்க!" அவர்கள் விறைத்துப்போய் நின்றார்கள். "வாரோம் பேச்சி... வாரோம்" என்று சொன்னபிறகுதான் விட்டாள். திரும்பி வந்து மறுபடியும் வட்டிலை எடுத்துக்கொண்டாள். முன்னைவிட வேகமாகச் சேற்றை வழித்தாள். எனக்கு ஆச்சரியம். பீரோவுக்கும் பட்டுக்கும் அழாதவள், ஒரு வார்த்தைக்கு இப்படியா?

அப்படி வார்த்தையைப் பெரிசாக நினைக்கிறவள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? "ஏட்டி, இரு கொஞ்ச நாள்." அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது. அவர் கப்பலைவிட்டு இறங்குகிற வரைக்கும். நானாகக் கேட்க முடியுமா, பெரியம்மா? அம்மா பெங்களூரில் தம்பி வீட்டில் இருக்கிறாள். ரெண்டு ரூம் வீடு. பிரசவத்துக்கு அங்கே இருந்தபோதும் யாரும் போ என்று சொல்லவில்லை. தம்பி பெண்சாதி காலண்டரைப் பார்ப்பாள். நான் புரிந்துகொண்டு கிளம்பி வந்தேன். அதிலிருந்து, இரு என்று வாய்விட்டுச் சொன்னால்தான் ஒரு இடத்தில் இருப்பது என்று வைத்துக்கொண்டேன்.

பிள்ளை குப்புற விழுந்ததைச் சொல்லவில்லையே! முதல் தடவை. அந்த மாடி ரூமில்தான். நான் கீழே சமையற்கட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், மேலேயிருந்து அக்கா குரல்: "ஏ, எங்க அத்தை திரும்பிட்டாவ! அத்தை திரும்பிட்டாவ!" இதைத்தான் அத்தை என்பாள். செத்துப்போன எங்கள் மாமியார் திரும்பி வந்து பிறந்திருக்கிறாராம். நான் படியேறி ஓடினால், பிள்ளையைத் தூக்கி, முகத்தோடு முகம் வைத்து, உச்சியை மோந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள்.

அன்று காலையில்தான் அம்மா போனில் சொல்லியிருந்தாள். "பிள்ளையில்லாதவ கையில பிள்ளையைக் குடுத்துக்கிட்டு இருக்காத, கண்ணு பட்டுரும்" என்று. நான் படித்தவள், அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் கை போய்விட்டது. வெடுக்கென்று வாங்கிவிட்டேன். "பால் குடிக்கிற நேரம்" என்று சொன்னேன். பிள்ளை சட்டையெல்லாம் என் கைச் சேறு. அக்காவின் கை சுத்தமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கை ரெண்டும் பிள்ளையைப் பிடித்திருந்த மாதிரியே நின்றது. அப்புறம் கீழே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் பிள்ளையைத் தூக்கவே இல்லை, கவனித்தீங்களா? ஒரு தடவைகூட இல்லை. தொட்டிலில் ஒரு கயிற்றைக் கட்டி, ரூம் வாசலுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து, அரிசி பொறுக்கிக்கொண்டே கால் விரலால் இழுத்து ஆட்டுவாள். உள்ளே வரமாட்டாள். பாசம் அவ்வளவுதான். ஒருநாள் ஆசை.

அன்று சாயங்காலம் மட்டும், இருந்த ஒரு அடுப்பில் கொழுக்கட்டை அவித்தாள். நிவாரணத்துக்கு வந்த பச்சரிசியை இடித்து மாவாக்கி. பிள்ளை குப்புற விழுந்ததற்காம். இடிந்து கிடந்த தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். "எங்க வீட்டுப் பிள்ளை திரும்பிட்டு" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாளாம், சித்திதான் சொன்னாள். இல்லாத நேரத்தில் இந்த ஆடம்பரம் எதற்கு?

வீடு மெல்ல மெல்லச் சுத்தமாகிக்கொண்டு வந்தது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு மட்டும் ஆள் உயரத்துக்கு அப்படியே. அதை நான் தேங்காய்நார் வைத்துத் தேய்த்தேன். கழுவிய தரையை மறுபடி கழுவினேன். வெண்கலப் பானையைப் புளி போட்டுத் தேய்த்து முடித்து, மறுநாள் திரும்பவும் தேய்த்தேன். "கழுவுன எடத்தையே கழுவுதாளே, தரை தேஞ்சிரும்டி!" என்றாள் சித்தி. அத்தான், "எம்மா, போதும்மா, கை பொத்துப்போவும்" என்றார். போதும் என்றால் என்ன அர்த்தம்? வேலை முடிந்தது, கிளம்பு என்றுதானே?

சித்தி ஊருக்குப் போனாள். சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டுதான் போனாள். வீடு அமைதியாகிவிட்டது. அன்றைக்கு நான் அக்காவிடம் ஜாடையாக ஆரம்பித்தேன். "வேலையெல்லாம் முடிஞ்சுது. இனி நான் இங்க எதுக்கு?" என்று. எவ்வளவு எடுத்துக்கொடுத்துவிட்டேன், பாருங்க! இரு என்று சொல்ல இதற்குமேல் வாய்ப்பு உண்டா? அக்கா உளுந்தைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைக்கூடத் திருப்பாமல், "சொந்த வீட்டுக்காரிகிட்ட இரு, போன்னு நான் என்னத்தச் சொல்ல" என்றாள்.

சுருக்கென்று இருந்தது. எப்படிக் குத்துகிறாள், பாருங்க. சொந்த வீட்டுக்காரியாம்! சொத்தில் பங்கு கேட்டு வந்தவள் மாதிரி.

ராத்திரியே முடிவு பண்ணிவிட்டேன். இன்றைக்குக் காலையில் சூட்கேஸை அடுக்கினேன். தொட்டிலை அவிழ்க்கலாம் என்று போனால், பெரியம்மா, அந்தச் சேலையை அக்கா நேற்றே அவிழ்த்துத் துவைத்துக் காயவைத்து, திரும்பவும் அதே கொக்கியில் கட்டி வைத்திருக்கிறாள். நான் தூங்கின நேரத்தில் வந்து கட்டியிருக்கிறாள். போகிறவளுக்கு மடித்துக் கையில் கொடுப்பது முறையா, மறுபடி கட்டிவைப்பது முறையா? சரி, அவிழ்த்துக்கொள்ளலாம் என்று கையை வைத்தால் கனம். உள்ளே எட்டிப் பார்த்தேன். அம்மிக் குழவி! கழுவித் துடைத்து, மஞ்சள் தடவி, பிள்ளையைக் கிடத்துகிற மாதிரிக் கிடத்தியிருக்கிறது. என் நல்ல சேலைக்குள் அத்தனை பெரிய கல்! கிழிந்துவிடாதா?

எனக்கு அழுகை வந்துவிட்டது. சேலைக்காகத்தான். அப்படியே போட்டுவிட்டு இறங்கினேன். அத்தான் வயலுக்குப் போயிருந்தார். அக்கா பின்பக்கம் கிணற்றடியில் இருந்தாள், வாளிச் சத்தம் கேட்டது. பாப்பாவின் துணியைத்தான் அலசிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன், ரெண்டு சட்டையைக் காணவில்லை. நான் முன்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

இல்லை. சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு ஒரு வார்த்தை சொல்லாதவளிடம் நான் எதற்குச் சொல்லணும்?

என்ன பெரியம்மா, அப்படிப் பார்க்கிறீங்க?

குழவியா? ஆமாம், மஞ்சள் தடவித்தான் இருந்தது. ஏன் கேட்கிறீங்க? வெறும் தொட்டில் கிடக்கக் கூடாதா? தெரியுமே, எங்கள் அம்மாவும் சொல்லுவாள். பிள்ளை வருகிற வரைக்கும் இடம் வெறுமையாக இருக்கக் கூடாது, அதனால் குழவியைப் போட்டு வைப்பார்கள்...

பிள்ளை வருகிற வரைக்கும்.

தெரியும், பெரியம்மா. எனக்கு இதெல்லாம் தெரியாதா என்ன.

வெயில் சாய்ந்துவிட்டது, இல்லை? இந்த நேரத்துக்குப் போய் இறங்கினால் காலனியில் விளக்குகூடப் போட்டிருக்க மாட்டார்கள். பயமில்லை, சும்மா சொல்கிறேன். அக்கா எப்போதோ மாடிக்கு ஏறியிருப்பாள். ஆளைக் காணோம் என்று தெரிந்திருக்கும். சொல்லாமல் வந்துவிட்டேனே. அந்த வீட்டில் அது ஆகாது. அந்த ஒன்றுக்குத்தான் அவள் தெருவரைக்கும் சேற்றுக்காலோடு ஓடினாள்.

அது என்ன பஸ்? போர்டு தெரிகிறதா? ஏரலா? உங்களுடையதா? எழுந்துவிட்டீங்களே.

இருங்க பெரியம்மா, நானும் வருகிறேன். கூட்டம் இருந்தால் இருக்கட்டும், நின்றுகொண்டே வருகிறேன். அந்தச் சேலையை வாங்கிவிட்டு வந்துவிடணும். வளைகாப்புச் சேலை, அப்படி விட்டுவிட முடியுமா? கல் கனத்தில் கிழிந்தே போயிருக்கும். சேலைக்காகத்தான். அப்படியே, வாரேம்னு ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டால் ஆயிற்று.

பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க, நான் சூட்கேஸை ஏற்றிக்கொள்கிறேன். மெதுவாக. தலையைத் தாங்கிப் பிடிங்க. ஆமாம், அப்படித்தான். முழிச்சிட்டாளா? சரி, பார்க்கட்டும்.

கண்டக்டர், ஏரலிலிருந்து திருநெல்வேலிக்குக் கடைசி பஸ் எப்போ?

இல்லை, இல்லை, வேண்டாம். சும்மா கேட்டேன். நீங்க டிக்கெட்டைக் கொடுங்க.